மல்லிக்கு ஒரு கயிற்றுத் தூண்

செல்லூரில் எங்கள் வீட்டு சோபாவின் வலது கைப்பிடியில் பஞ்சு வெளியே வந்துவிட்டது. எங்கள் பூனை மல்லியின் கீறல்தான் காரணம். அவள் எங்களிடம் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. முதலில் அதட்டிப் பார்த்தேன். என் கண்ணில் படாமல் இரவில் கீறத் தொடங்கினாள், அவ்வளவுதான் பலன். நகத்தையே எடுத்துவிடலாமே என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அது நகம் வெட்டுவது அல்ல. விரலின் கடைசி எலும்பையே துண்டிப்பது. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

ஒரு வாரம் வெறுமனே கவனித்தேன். தூங்கி எழுந்ததும் நேரே கைப்பிடிக்குப் போகிறாள். முன்னங்கால்களை எட்டுமட்டும் நீட்டி, முதுகை வில்லாக வளைத்து, அப்புறம்தான் இழுக்கிறாள். 60 செ.மீ. உயரக் கைப்பிடி முடிந்த பிறகும் அவள் உடம்பு இன்னும் நீளப் பார்க்கிறது. பாதத்தில் உள்ள சுரப்பிகளின் வாசனையும் அந்த இடத்தில் படிகிறது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

முதல் முயற்சி: சாக்கு சுற்றிய பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அவள் இழுத்ததும் சரிந்து விழுந்தது. அதோடு அந்தப் பக்கமே அவள் போகவில்லை. ஆடுகிற எதையும் பூனை நம்பாது.

இரண்டாவது முறை, பரணில் கிடந்த பாட்டியின் திருகையை இறக்கினேன். மேற்கல்லின் நடுவில் துளை இருக்கிறதே! வீடு கட்டியபோது மிஞ்சிய 4 அங்குல சவுக்குக் கட்டையின் ஒரு முனையை ஆசாரி அண்ணன் அந்தத் துளைக்கு ஏற்றபடி செதுக்கி, ஆப்பு வைத்து இறுக்கிக் கொடுத்தார். கல்லுக்கு மேல் மூன்றடி உயரம். தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. கீழமாசி வீதிப் பக்கம் போய் 10 மி.மீ. தேங்காய்நார்க் கயிறு 30 மீட்டர் வாங்கினேன். பசை தடவி அடியிலிருந்து சுற்றி, பத்துச் சுற்றுக்கு ஒருமுறை மரச்சுத்தியலால் தட்டி நெருக்கினேன். 75 செ.மீ. சுற்ற 26 மீட்டர் பிடித்தது. மறுநாள் உள்ளங்கை முழுவதும் எரிச்சல். கையுறை போட்டிருக்க வேண்டும்.

திண்ணை மூலையில் வைத்தேன். நான்கு நாள் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் வைத்தது என் தவறு. கைப்பிடியைக் கெட்டியான ஜமுக்காளத்தால் மூடிவிட்டு, தூணை அதை ஒட்டியே நிறுத்தினேன். அப்போதுதான் அம்மா, "குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் ஒரு பெயர் உண்டே" என்றார். சந்தில் முளைத்திருந்த செடியை வேரோடு பிடுங்கி, வேரை மட்டும் நசுக்கிக் கயிற்றில் தேய்த்தேன். மல்லி முகர்ந்தாள், கன்னத்தை உரசினாள், தரையில் புரண்டாள். பிறகு எழுந்து, உடம்பு முழுவதையும் நீட்டி, இரண்டு கைகளாலும் கயிற்றைப் பற்றி இழுத்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மாவும் நானும் அசையாமல் நின்றோம்.

பன்னிரண்டாம் நாள் தூணடியைப் பெருக்கும்போது பிறை வடிவில் இரண்டு தோல்கள் கிடைத்தன. வெங்காயச் சருகு போல வெளிச்சம் ஊடுருவும் நகத்தின் மேலுறைகள். பழைய உறையைக் கழற்றவும்தான் இத்தனை இழுப்பு. ஒன்றைத் தீப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது ஐந்தாவது வாரம். ஜமுக்காளத்தில் புதிய கீறல் இல்லை. தூணை இரண்டு நாளுக்கு ஒரு சாண் வீதம் ஜன்னல் பக்கம் நகர்த்துகிறேன். நேற்று இரண்டு சாண் நகர்த்திவிட்டேன். உடனே கைப்பிடியை முகர்ந்து பார்த்தாள். இன்று காலை ஒரு சாண் திரும்ப இழுத்து வைத்திருக்கிறேன்.