படிவத்தை மடித்து வைத்த ஞாயிறு

முதுகலை ஆய்வுக்காக 12 ஞாயிற்றுக்கிழமைகள் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் போனேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்பவர்கள் ஊருக்குப் பணம் அனுப்புவதைப் பற்றிக் கேட்க 18 கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். கடைசியில் ஆய்வேட்டில் மிஞ்சியவை நான்கு.

முதல் ஞாயிறே மழை. வடகிழக்குப் பருவக்காற்று நேரம். சிராங்கூன் ரோட்டில் கடையோர ஐந்தடி நடைபாதையில் எல்லாரும் ஒதுங்கினோம். பக்கத்தில் நின்ற தம்பியிடம், ஆய்வில் பங்கேற்கச் சம்மதம் என்று கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். அவர் சிரித்தபடியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையெழுத்து மட்டும் வேண்டாம்க்கா. பேசணும்னா பேசலாம்."

ஏஜெண்ட் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டதையும், அதனால் வந்த கடனை அடைக்கப் பட்ட பாட்டையும் அப்புறம்தான் சொன்னார். அவருக்குப் பாதுகாப்பு என்று நான் நம்பிய தாள் அவரைப் பயமுறுத்தியிருக்கிறது. ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுதி, வாய்மொழி ஒப்புதலுக்கு அனுமதி வாங்க மூன்று வாரம் ஆனது. அதுவரை நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அவர்கள்தான்.

"உங்களுக்கு எந்த ஊருக்கா?"

"சிங்கப்பூர்தான்."

"சரி, அதுக்கு முன்னாடி?"

தாத்தாவின் ஊர் எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன்: மன்னார்குடிப் பக்கமாம். அடுத்த வாரம் அதைச் சொன்னதும், மேடம் என்று கூப்பிட்டவர்களும் அக்கா என்றார்கள். ஒரே மொழி பேசுகிறோம், நானும் அவர்களில் ஒருத்தி என்று அதுவரை நினைத்திருந்தேன். என் பையில் இருப்பது சிங்கப்பூர்க் குடிமக்களுக்கான இளஞ்சிவப்பு அடையாள அட்டை. அவர்களிடம் இருப்பது வேலை அனுமதி அட்டை. எந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்கலாம் என்பதை அந்த வித்தியாசமும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி களத்தில் எழுதிய அந்தரங்க நாட்குறிப்பு, அவர் 1942இல் இறந்து 25 ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. தாம் ஆய்வு செய்த மக்கள்மீது அவருக்கு இருந்த எரிச்சல் அதில் அப்படியே இருக்கிறது. என் குறிப்பேட்டில் எரிச்சல் இல்லை, இரக்கம் இருந்தது. அதுவும் கண்ணை மறைக்கும் என்று ஒன்பதாவது ஞாயிறன்று தெரிந்தது.

அன்று என் குறிப்புகளை அதே தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். "வீட்டு ஞாபகத்தில் சோர்ந்துபோய்த் தனியே உட்கார்ந்திருந்தார்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அன்னைக்கு என் பொண்ணுக்குப் பேர் வச்சாங்கக்கா. வீடியோ காலுக்காகச் சத்தமில்லாத இடமாப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாத்தான் இருந்தேன்."

அந்த வரியை நான் அடிக்கவில்லை. அதன் கீழேயே தேதி போட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். பெண்ணின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை.