கயிற்றைப் பார்த்து வாசிக்கிறோம்

ஏப்ரல் 16

நேற்றிலிருந்து தடைக்காலம். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. வீட்டுச் செலவுக்குக் கஷ்டமான நாட்கள்தான், ஆனால் எங்கள் குழுவுக்கு வருசத்தில் ஒழுங்காக ஒத்திகை நடப்பது இப்போது மட்டும்தான். பேஸ் கிட்டார் வாசிக்கிற சின்னையாவும் பறை அடிக்கிற மச்சானும் படகுத் தொழில். மற்ற மாதங்களில் ஒருத்தர் கரையில் இருந்தால் இன்னொருத்தர் கடலில் இருப்பார்.

சாயங்காலம் பாம்பனில் வலை தைக்கிற கொட்டகையில் ஐந்து பேரும் கூடினோம். என் கிட்டாரை இரண்டு வாரமாகத் தொடவில்லை, கம்பியெல்லாம் துருவேறிக் கிடந்தது. மச்சானின் பறையோ நமுத்துப் போய்த் தொப்புத் தொப்பென்றது. அவர் காய்ந்த பனையோலையை மூட்டி, தோலை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, சுற்றிச் சுற்றிக் காட்டினார். நடுநடுவே ஒற்றை விரலால் தட்டிக் காதைக் கொடுத்தார். ஏழெட்டு நிமிடத்தில் சத்தம் 'டங்'கென்று திரும்பியது. அந்த ஒரு தட்டைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 24

இந்த வருசம் ஒரு அம்பாப் பாட்டை, வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டை, பதிவு செய்வது என்று முடிவாகிவிட்டது. கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் சினிமாப் பாட்டு வாசிக்கிறோம், அது எங்களுக்குச் சோறு. ஆனால் கடற்கரையில் பிறந்துவிட்டு, கடல் வேலைக்கென்றே இருக்கிற பாட்டில் ஒன்றுகூட நாங்கள் வாசித்ததில்லை.

பாட்டு எங்கள் குழுவில் பாடுகிற அக்காவிடம் இருக்கிறது. அவர்கள் தாத்தா தனுஷ்கோடியில் கரைவலை இழுத்தவர். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு குடும்பத்தோடு பாம்பனுக்கு வந்துவிட்டார். அக்கா கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர். மாசத்தில் 12 நாளுக்கு மேல் பாசிக்குப் போவதில்லை என்று இங்கே பெண்கள் தாங்களாகவே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு முங்குவார். அந்த மூச்சுதான் பாட்டிலும் வருகிறது. நாங்கள் இரண்டு இடத்தில் மூச்சு விடுகிற வரியை அக்கா ஒரே இழுப்பில் முடித்துவிடுகிறார்.

மே 4

சரியாக வரவில்லை. கீபோர்டு தம்பி மடிக்கணினியில் நிமிடத்துக்கு 72 தட்டு என்று கிளிக் வைத்தான். காதில் டிக் டிக் ஓட, அதோடு ஒட்டி எல்லோரும் வாசிக்க வேண்டும். சினிமாப் பாட்டெல்லாம் நாங்கள் இப்படித்தான் பழகினோம். அம்பாவில் மட்டும் மூன்றாவது வரியிலேயே அக்கா தனியே போய்விடுகிறார். பதினோரு தடவை எடுத்தோம். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "தம்பி, இந்த டிக் டிக்குக்கு வலை வராதுப்பா."

ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 11

தனுஷ்கோடி. அக்காவின் சித்தப்பா இன்னும் அங்கே கரைவலைக்குப் போகிறார். தென்பக்கம் ஆண்கடல், அதாவது மன்னார் வளைகுடா, இரைந்துகொண்டு கிடந்தது, அங்கே மைக்கை வைக்கவே முடியாது. வடக்கே அலை அடங்கிய பெண்கடல், பாக் விரிகுடா பக்கம் வலை போட்டிருந்தார்கள். மைக்கைப் பழைய கம்பளித் துண்டால் சுற்றிக் குச்சியில் கட்டினேன்.

கயிற்றின் ஒரு நுனி கரையில் இருக்கிறது. வள்ளம் மற்றதை எடுத்துக்கொண்டு போய் அரைவட்டமாக வலையைப் போட்டுவிட்டு, தள்ளி இன்னோர் இடத்தில் மறுநுனியைக் கொண்டுவந்து கொடுக்கிறது. இரண்டு பக்கமும் ஆட்கள் பின்னால் நடந்தபடியே இழுக்கிறார்கள். கடைசியில் நிற்பவர் கயிற்றை விட்டுவிட்டு முன்னால் போய்த் தண்ணீரோரம் பிடிக்கிறார். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வருகிறது.

கொஞ்ச நேரம் பதிவு செய்துவிட்டு, ரெக்கார்டரை மண்ணில் வைத்துவிட்டு நானும் கயிற்றைப் பிடித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. பெரியவர், அக்காவின் சித்தப்பா, வரி சொல்லும்போது யாரும் இழுப்பதில்லை. கையை மாற்றுகிறோம், காலை ஊன்றுகிறோம், மூச்சு வாங்குகிறோம். 'ஏலோ' என்று எல்லோரும் திருப்பிச் சொல்கிறபோதுதான் கயிறு வருகிறது. யாராவது ஒருத்தர் இன்னும் கால் ஊன்றவில்லை என்றால் பெரியவர் வரியின் கடைசி எழுத்தை நீட்டிக்கொண்டே இருக்கிறார். அவர் எங்கள் கால்களைப் பார்த்துப் பாடுகிறார்! வலை கனக்கக் கனக்கப் பாட்டு மெதுவாகிறது. மீன் சேர்கிற பை, வலையின் மடி, கரையை நெருங்கியதும் நேர்மாறாக விறுவிறுவென்று ஓடுகிறது, இல்லாவிட்டால் மீன் தப்பிவிடும்.

காரலும் சூடையும், நாலைந்து கணவாயும் கிடைத்தன. என் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்துவிட்டது. கிளம்பும்போது பெரியவர் கழித்துப் போட்ட கயிற்றில் இரண்டு பாகம், அதாவது இரண்டு கைவிரிப்பு நீளத்துக்கு, வெட்டி அக்காவிடம் கொடுத்தார்.

மே 12

பதிவைக் கேட்டுக்கொண்டே மேசையில் தட்டித் தாளத்தை அளந்தேன். தொடக்கத்தில் 60 போல இருந்தது நடுவில் 44க்கு இறங்கி, முடிவில் 90ஐத் தாண்டுகிறது. 72 எங்கேயும் நிற்கவில்லை.

மே 27

பதிவு முடிந்தது. கிளிக் இல்லை. கொட்டகை நடுத்தூணில் அந்தக் கயிற்றைக் கட்டி மறுநுனியை அக்கா கையில் கொடுத்தோம். அக்கா பாடுகிறார், நாங்கள் கயிற்றைப் பார்க்கிறோம். தொய்வாக இருந்தால் காத்திருக்கிறோம், இறுகியதும் மச்சானின் அடி விழுகிறது, கூடவே பேஸ். முதல் தடவையே சின்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேர்வையா என்று நான் கேட்கவில்லை.

சுவரெல்லாம் வலை மூட்டைகள் அடுக்கியிருப்பதால் கொட்டகையில் எதிரொலியே இல்லை. இதற்கு முன்னால் காசு கொடுத்துப் போன ஸ்டுடியோவில்கூட பறை இவ்வளவு சுத்தமாக விழவில்லை. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ரயில் மறுபடியும் ஓடுகிறது, அதன் ஹாரனில் மூன்று டேக் போனது. நான்காவது டேக்கை வைத்துக்கொண்டோம்.

ஜூன் 13

அந்தோணியார் திருவிழா. சப்பரம் சுற்றி முடிந்து மேடை ஏறும்போது பத்தரை மணி. நாலு சினிமாப் பாட்டு, இரண்டு மாதா பாட்டு, எல்லாம் நல்லபடியாகப் போனது. அம்பா தொடங்கிய இரண்டாவது நிமிடம் எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்த ஸ்பீக்கர் நின்றுவிட்டது. வெளியே சத்தம் போகிறது, எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அக்கா குரலும் இல்லை, கீபோர்டும் இல்லை. பந்தல் காலில் கட்டியிருந்த கயிறு மட்டும் கண்முன்னே இறுகித் தளர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தே ஐந்து பேரும் முடித்தோம். ஒரு அடி பிசகவில்லை.

இறங்கியதும் ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நல்லா இருந்துச்சுப்பா. ஆனா கடைசியில இன்னும் கொஞ்சம் பறக்கணும். மடி வந்துருச்சுல்ல?"

நியாயமான பேச்சு. மச்சானிடம் சொன்னேன். "அண்ணே, அவர் சொன்னது சரிதான், நான் பயந்துட்டேன்" என்றார்.

ஜூன் 15

தடை முடிந்தது. சின்னையா விடியும் முன்பே போய்விட்டார்.

பதிவை இன்று இயர்போனில் முழுசாகக் கேட்டேன். நான்காவது நிமிடத்தில் வரிக்கும் 'ஏலோ'வுக்கும் நடுவே அக்கா மூச்சு இழுப்பது தெளிவாகக் கேட்கிறது. தம்பி அதை வெட்டிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன், எல்லோரும் கால் ஊன்றுகிற இடம் அது.

கிட்டார் கம்பியைத் துடைத்து, எண்ணெய் தடவி, உறையில் போட்டாயிற்று. அடுத்த ஒத்திகை சின்னையா கரைக்கு வந்த பிறகு. பாட்டின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துப் பழக வேண்டும்.