யார் வீட்டு மோட்டார்?

காலாண்டு விடுமுறை என்றால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஓசூரிலிருந்து காங்கயம் பக்கத்திலுள்ள அம்மாவின் தோட்டத்துக்குப் போவதும், பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் அங்கிருந்து திரும்புவதும்தான் எங்கள் வழக்கம். இந்தப் புரட்டாசியில் அதை மாற்றி, முதல் ஐந்து நாட்களைச் சாளை என்று நாங்கள் சொல்லும் தோட்டத்து வீட்டிலும் அடுத்த நான்கு நாட்களைக் கோயம்புத்தூரில் தங்கையின் அடுக்குமாடி வீட்டிலும் கழிப்பது என்று முடிவு செய்தோம். ஆடுகளை விட்டு இரண்டு நாட்களுக்கு மேல் எங்கும் தங்கியறியாத அம்மா, பக்கத்துத் தோட்டத்தாரிடம் அவற்றை ஒப்படைத்துவிட்டு எங்களுடன் வரச் சம்மதித்ததுதான் இந்தப் பயணத்தின் பெரிய செய்தி.

அம்மாவின் நிலத்தில் பாதிக்கு மேல் கொறங்காடு. மழை குறைந்த காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் மேய்ச்சலுக்கென்றே தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் நிலத்துக்கு அந்தப் பெயர். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை நட்டு வளர்த்த உயிர்வேலி, உள்ளே நுழைய ஒரு படல். காங்கயம் மாடுகள் இத்தகைய காடுகளில் மேய்ந்துதான் பேர் வாங்கின. கால்நடைகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் கூடவே நின்று மேய்க்க ஆள் வேண்டியதில்லை என்பதால், சில நாட்களில் மாலை வரைக்கும் அங்கே மனிதக் குரல் ஒன்றுகூடக் கேட்பதில்லை.

இதை அமைதி என்று நான் சொன்னால் அம்மா சிரிப்பார். அவருக்கு அந்தக் காடு முழுக்கச் சத்தம்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் உடையவரும் உண்டு. வீட்டுக் கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டே, அது மேற்குத் தோட்டத்து மாட்டின் மணி, இது பால்காரர் வண்டி, இன்றைக்கு இவ்வளவு தாமதமாக வருகிறார் என்றால் சொசைட்டியில் கூட்டமாக இருந்திருக்கும் என்று, பார்க்காமலேயே ஊர் நடப்பைச் சொல்லிவிடுவார். அவர் காது மிகவும் கூர்மையடைவது கிணற்று மோட்டார் விஷயத்தில். விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் முறை வைத்து வருவதால் சில நாட்களில் இரவில் எழுந்துதான் மோட்டாரைப் போட வேண்டியிருக்கும். போட்டுவிட்டுத் தூங்கிவிட்டாலும், கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கியதும் மாறுகிற அந்தச் சத்தம் அவரை எழுப்பிவிடும். "கண்ணு, மோட்டாரு காத்து வாங்குது, போயி நிறுத்திப்போட்டு வா" என்று நள்ளிரவில் எத்தனையோ முறை என்னை எழுப்பியிருக்கிறார். எனக்கு இரண்டு சத்தங்களும் ஒன்றாகவே கேட்கும்.

தொழிற்சாலைகளும் லாரிகளும் நிறைந்த ஓசூரில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த எனக்கு, சாளையின் முதல் இரவில் உறக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் பால்காரர் வண்டியை நானும் கண்டுகொண்டேன். ஐந்தாம் நாள், சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, இரண்டு மணிகளில் எது எங்கள் மாட்டுடையது என்பதில் மகனுடன் பந்தயம் கட்டி ஜெயித்தேன். அந்த நிலையில்தான் கோயம்புத்தூர்ப் பேருந்தில் ஏறினோம்.

காங்கயத்தைச் சுற்றியுள்ள களங்களில் காயும் கொப்பரையின் வாசம் சற்றுத் தூரம் கூடவே வந்தது. அம்மா சன்னலோரம் உட்கார்ந்து வழியில் தெரிந்த தோட்டங்களை யார் யாருடையவை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்குத் தெரிந்த உறவுமுறைகள் அவிநாசிபாளையம் வரைக்கும் தாங்கின. பல்லடம் வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டார். அதன்பிறகு காரணம்பேட்டை, சூலூர், தலைக்கு மேல் விமானப்படை விமானம் ஒன்று, பிறகு சிங்காநல்லூர் பேருந்து நிலையம்.

தங்கையின் வீடு நான்காவது மாடியில். முதல் இரவு இரண்டு மணிக்கு, புகைபோக்கி உடைந்ததுபோல் அலறிக்கொண்டு ஒரு வண்டி தெருவைக் கடந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து, "அது யாரு வண்டி?" என்று கேட்டார். தங்கை தூக்கக் கலக்கத்தில், "தெரியலீம்மா, ஏதோ வண்டி, படுங்க" என்றாள். எட்டு ஆண்டுகளாக இதே வீட்டில் இருப்பவளுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும் என்பது அம்மாவின் கேள்வி. தெரு அமைதியாக இல்லையே என்ற வருத்தம் அவருக்கு அவ்வளவாக இல்லை; அந்த 'ஏதோ'தான் அவரை விழிக்க வைத்தது. மறுநாள் இரவும் அதே நேரத்தில் அந்த வண்டி போயிற்று. அன்றும் எங்களிடம் பதில் இல்லை.

இதை வைத்து அவருக்கு நகரம் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உண்மையில் களைத்துப்போனது நான்தான். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதை அம்மா மனமார அனுபவித்தார். டவுன்ஹால் போய், கோனியம்மனைக் கும்பிட்டு, காந்திபுரம் வந்து, வேண்டுமென்றே வேறொரு பேருந்தில் சுற்றி வீட்டுக்கு வந்தார். தீபாவளிக் கூட்டம் தொடங்கிவிட்ட ஒப்பணக்கார வீதியில் நான் பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தலைவலியுடன் நடக்க, அவரோ கடைக்காரர்கள் கூவி அழைப்பதையெல்லாம் நின்று கேட்டு, "வாங்கலீங்க, சும்மா பாக்கறமுங்க" என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் போவது அவருக்குத் தெரியாது. அந்த வீதியைக் கடக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

மூன்றாம் நாள், என் பொருட்டு, ஆர்.எஸ்.புரத்துப் பக்கம் வனத்துறை வளாகத்திலுள்ள காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1902-இல் தொடங்கப்பட்டது அது. பெரிய மரங்களின் நிழலில் இருக்கும் அந்த வளாகத்துக்குள் நுழைந்ததும் நகரம் சட்டென்று தள்ளிப்போனதுபோல் இருந்தது. பிள்ளைகள் விலங்குகளைப் பார்க்க ஓட, அம்மா அங்கே வைத்திருந்த மரத்துண்டுகளின் எதிரில் நெடுநேரம் நின்று தனக்குத் தெரிந்த மரங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று இரவு ஒரு மணி இருக்கும். அம்மா என் தோளைத் தட்டினார். "கண்ணு, மோட்டாரு காத்து வாங்குது." கனவு காண்கிறேனோ என்று நினைத்தேன். சாளையில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டாரோ என்று அவரைப் பற்றியும் ஒரு கணம் கவலைப்பட்டேன். அவர் தெளிவாகத்தான் இருந்தார். கீழ்த்தளத்திலுள்ள தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை யாரோ போட்டுவிட்டு மறந்திருக்க வேண்டும் என்றும், கீழே தண்ணீர் தீர்ந்து அது வெறுமனே ஓடுகிறது என்றும், இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும் என்றும் சொன்னார். நான் காதைத் தீட்டிக் கேட்டேன். தெருவிலிருந்தும் பக்கத்துக் கட்டடங்களிலிருந்தும் வந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு முனகல் இருந்தது என்பதற்கு மேல் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. இத்தனை வீடுகளில் யார் வீட்டு மோட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றேன். நான் பேசி முடிப்பதற்குள் அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு மின்தூக்கியில் ஏறாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

சிறிது நேரத்தில் அந்த முனகல் நின்றது. நின்றபிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அம்மா உடனே திரும்பவில்லை; அரை மணி நேரம் கழித்து, மூச்சு வாங்கியபடி வந்து படுத்தார்.

"அந்த வாட்ச்மேனு நம்ம வெள்ளகோயிலுப் பக்கமாமா" என்றார். "ரெண்டு மணி வண்டியப் பத்திக் கேட்டேன். அது மீன் மார்க்கெட்டுக்குப் போற பையனாமா. சைலன்சரு மாத்தச் சொல்லி இவரும் சொல்லிட்டேதான் இருக்கறாராமா."

இரண்டு மணிக்கு அந்த வண்டி போனபோது அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.