வடிகட்டிய பிறகு மிஞ்சுவது

வடிகட்டித் துறைக்கு வரும் பொறியாளர் எவரும் முதலில் மனப்பாடம் செய்வது மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கைத்தான். கோவையில் ஒரு கார்ட்ரிட்ஜ் (கழற்றி மாற்றும் வடிகட்டி உருளை) தயாரிப்பு நிறுவனத்தின் சேவைப் பிரிவில் நானும் அப்படித்தான் தொடங்கினேன். '5 மைக்ரான்' என்று உறையில் அச்சிட்ட இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. நூல் சுற்றிய மலிவு வகையில் அந்த எண் ஏறக்குறையச் சொல்லப்படுவது. அந்த அளவுள்ள துகள்களில் கணிசமான பகுதி உள்ளே புகுந்துவிடும். பீட்டா 1000 என்று சோதித்துத் தரப்படும் வகையிலோ ஆயிரம் துகளுக்கு ஒன்றுதான் தப்பும். விலையும் அதற்கேற்ப ஏறும். கொள்முதல் பிரிவினருக்கு இரண்டும் 5 மைக்ரான்தான், ஆகவே மலிவானதே வாங்கப்படும்.

பிரச்சினை என்று அழைத்த ஆலைகளில் நான் முதலில் கேட்டு வாங்கியது கழற்றி எறிந்த கார்ட்ரிட்ஜை. அதைக் குறுக்கே அறுத்தால், விவரப் பதிவேட்டில் இல்லாத செய்தி கிடைக்கும். வெளி அடுக்கு மட்டும் அழுக்கேறி உட்புறம் வெண்மையாக இருந்தால், முன்னால் உள்ள மணல் வடிகட்டி தன் வேலையைச் செய்யவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நடுக்குழல் வரை பழுப்பேறியிருந்தால், நுண்துகள், அடுத்து உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. (எதிர் சவ்வூடு பரவல்) சவ்வுக்கே போய்க்கொண்டிருக்கிறது. அடுத்தது, நீர் சவ்வை எந்த அளவுக்கு அடைக்கும் என்று காட்டும் எஸ்.டி.ஐ. சோதனை. 0.45 மைக்ரான் துளையுள்ள வில்லை வழியாகச் சுமார் 2 பார் அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, தொடக்கத்தில் 500 மில்லி நிரம்ப எடுத்த நேரத்தையும் 15 நிமிடம் கழித்து அதே 500 மில்லிக்கு எடுத்த நேரத்தையும் ஒப்பிட்டு ஓர் எண்ணைக் கணக்கிடுவோம். அது 5-ஐத் தாண்டினால் சவ்வு தயாரித்தவர் உத்தரவாதத்தைப் பற்றிப் பேசமாட்டார். எனக்கு அந்த எண்ணைவிட வில்லையில் படிந்த நிறமே அதிகம் உதவியிருக்கிறது: செம்பழுப்பு என்றால் இரும்பு, கறுப்பு என்றால் பெரும்பாலும் கரித்தொட்டியிலிருந்து கிளம்பிய தூள். அழுத்தமானிகளை மட்டும் நம்புவதும் ஆபத்து. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்த வேறுபாடே இல்லை என்று பெருமையாகக் காட்டிய ஓர் ஆலையில், உறையைத் திறந்து பார்த்தால் உள்ளே கார்ட்ரிட்ஜே இல்லை. தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்று இரவுப் பணியில் யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

இவையெல்லாம் உள்ளே போகும் நீரைப் பற்றிய கவலைகள். வெளியேறும் மிச்சத்தைப் பற்றி யோசிக்க வைத்தது திருப்பூர். பருத்தியில் சாயம் ஏறுவதற்காகச் சேர்க்கும் உப்பு துணியில் தங்குவதில்லை. அவ்வளவும் கழிவுநீரோடு வந்துவிடும். அது நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, அதைச் சுற்றியிருந்த விளைநிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. சொட்டு நீரும் வெளியேறாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, எங்கள் துறைக்கு அங்கே வேலை குவிந்தது. சவ்வு விற்றவர்கள் எல்லோரும் நன்றாகவே விற்றார்கள்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள நீர் 10 லட்சம் லிட்டர் வந்தால் அதில் 6 டன் உப்பு இருக்கிறது. ஆர்.ஓ. மூலம் 85 விழுக்காட்டு நீரை மீட்டாலும், மிஞ்சும் ஒன்றரை லட்சம் லிட்டரில் ஏறத்தாழ அந்த 6 டன்னும் அப்படியே நிற்கும். காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் மீஞ்சூர் கடல்நீர் நிலையம் தன் ரிஜெக்டை, அதாவது உப்பு செறிந்த மிச்ச நீரை, கடலிலேயே விட்டுவிட முடிகிறது. திருப்பூருக்குக் கடல் இல்லை. அங்கே அதை ஆவியாக்கியில் கொதிக்கவைத்துத்தான் தீரவேண்டும், செலவில் பெரும்பகுதி அங்கேதான். கடைசியில் கிடைப்பது சோடியம் குளோரைடும் சல்பேட்டும் சாயத்தின் எச்சமும் கலந்த கலப்பு உப்பு. வாங்க ஆளில்லாமல் அது மூட்டைகளாகக் கொட்டகைகளில் அடுக்கப்பட்டது.

இதனால்தான், துளையை மேலும் நுண்ணியதாக்கும் போட்டியில் எனக்கு ஆர்வம் குறைந்துவிட்டது. ஆர்.ஓ.வைவிடச் சற்றுத் தளர்ந்த சவ்வைப் பயன்படுத்தும் நானோ வடிகட்டல் என் மதிப்பில் உயர்ந்ததும் அது சல்பேட்டைத் தடுத்துக் குளோரைடைப் பெருமளவு விட்டுவிடுவதால்தான். பிரித்தெடுத்த உப்புக் கரைசல் மீண்டும் சாயத்தொட்டிக்கே போகிறது, கொதிக்கவைக்க வேண்டிய அளவும் குறைகிறது. அடுத்த தலைமுறைப் பொறியாளர்களுக்கு வேலை இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. சவ்வின் தரத்துக்குப் பக்கம் பக்கமாக நிபந்தனை இருக்கும். கலப்பு உப்பை யார் எடுத்துச் செல்வது என்பதற்கு ஒரு வரி இருந்தால் அதிகம்.

இப்போது நான் தயாரிக்கும் திட்ட மதிப்பீடுகளில் கடைசித் தாளைத்தான் முதலில் எழுதுகிறேன்: நாளுக்கு எத்தனை கிலோ மிஞ்சும், அதில் என்ன கலந்திருக்கும், யார் வாங்குவார், வாங்காவிட்டால் எங்கே வைப்பது. அதைப் பார்த்ததும் உப்பைக் குறைக்கும் சாயமுறையைத் தேடிப்போன முதலாளிகளும் உண்டு, நிலையத்தின் கொள்ளளவையே பாதியாக்கியவர்களும் உண்டு. இரண்டு வகையிலும் என் நிறுவனத்துக்கு விற்பனை குறைந்ததாக மேலாளர் குறைப்பட்டுக்கொண்டார். அந்தத் தாளை நான் எடுக்கவில்லை.