மூன்று மாதம் ஆணியில் தொங்கிய சாவி

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், மாரண்டஅள்ளிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து பாலக்கோடு மண்டிக்குக் குட்டியானையில் தக்காளி ஏற்றிச் சென்றபோது, மண்டிக்காரர் அழைக்கிறாரே என்று கைபேசியை எடுத்துக் காதில் வைத்தேன். அடுத்த வளைவில் வாகனத் தணிக்கை நடந்துகொண்டிருந்தது. தவறு முழுக்க என்னுடையது. தொப்பூர் கணவாயில் நொறுங்கிக் கிடக்கும் வண்டிகளைப் பலமுறை கண்ணால் பார்த்த நான் அதைச் செய்திருக்கவே கூடாது.

என் ஓட்டுநர் உரிமத்தைக் காவலர் வாங்கிக்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அனுப்பினார். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தது, நேரில் போனேன், நடந்ததை ஒப்புக்கொண்டேன். முதல் முறை என்பதால் வண்டி ஓட்ட மூன்று மாதத் தகுதியிழப்பு என்று ஆணை கைக்கு வந்தபோது, அப்பாவின் டயாலிசிஸ் அட்டையையும் கூடவே கொண்டுபோயிருந்த நான் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை, ஏனென்றால் அதைக் காட்டி வாங்கக்கூடியது எதுவும் அந்தச் சட்டப்பிரிவில் இல்லை. உரிமம் வைத்திருப்பவரை அதிகாரி விடுவிக்கலாம், அல்லது மூன்று மாதம் தகுதியிழக்கச் செய்யலாம். ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வழி உண்டு என்றாலும், தவறே செய்யவில்லை என்று சொல்பவருக்கு அது பயன்படுமே தவிர, தவறு செய்தேன், ஆனால் வாரம் இரண்டு நாள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவாவது அனுமதியுங்கள் என்று கேட்பவருக்கு அங்கே இடமில்லை.

அப்பாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் தருமபுரியில் டயாலிசிஸ். வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் பழைய ஆம்னி வேனுக்கு ஆக்டிங் டிரைவர் ஒருவரை அமர்த்தினேன். ஒரு நடைக்கு 700 ரூபாய். அவர் வர முடியாத நாட்களில் பேருந்துதான். அப்படியொரு வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது, ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைத்துக் கட்டிய இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையால் கம்பியைப் பிடித்தபடி அப்பா பாலக்கோடு வரை நின்றுகொண்டே வந்தார். கூட்டத்தில் எனக்கும் அவருக்கும் நடுவே நான்கு பேர். அன்று இரவு ஆணியில் தொங்கிய ஆம்னி சாவியைக் கையில் எடுத்துவிட்டேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். தகுதியிழந்த காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் என்பதைக் காட்டிலும், யார் மீதாவது மோதிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கட்டும் இழப்பீட்டை என்னிடமே திரும்ப வசூலிக்கலாம் என்பதுதான் என்னைத் தடுத்தது. சாவியைத் திரும்ப மாட்டினேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் இதைச் சொன்னபோதுதான், அவனும் இதே நிலையில் இருந்ததை முதல்முறையாகச் சொன்னான். அவன் செய்தது என்னுடையதைவிடப் பெரிய தவறு: குடித்துவிட்டு ஓட்டி, மூச்சுச் சோதனையில் சிக்கி, 90 நாள் உரிமம் இழந்திருக்கிறான். ஆனால் அங்கே நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து, வேலைக்கும் படிப்புக்கும் இன்றியமையாத வீட்டுத் தேவைகளுக்கும் மட்டும் ஓட்டுவதற்கான உரிமம் பெற முடியும். "சும்மா கொடுத்துட மாட்டாங்கண்ணா" என்றவன், தனக்குக் கிடைத்த ஆணையைப் படம் எடுத்து அனுப்பினான். எந்தெந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தெந்தப் பகுதிக்குள் என்று வரிவரியாக இருந்தது. பொதுவாக நாளொன்றுக்கு 4 மணி நேரம். தேவையை மெய்ப்பித்தால் 12 மணி நேரம் வரை நீதிபதி நீட்டிக்கலாம். காப்பீடு இருக்கிறது என்பதற்குத் தனிச் சான்று தாக்கல் செய்ய வேண்டும். ஓட்டும்போதெல்லாம் ஆணையின் நகல் வண்டியில் இருக்க வேண்டும். அவன் எழுதி வந்த பயணக் குறிப்பேட்டின் ஒரு பக்கத்தையும் பார்த்தேன். காலை 6.40 வீடு, 7.15 வேலையிடம் என்று நாள் தவறாமல், ஒரே பேனாவில் எழுதியிருந்தான்.

இங்கும் இப்படியொரு வழி வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தண்டனையைக் குறைக்கச் சொல்லவில்லை. மூன்று மாதம் மூன்று மாதமாகவே இருக்கட்டும். உயிர்ச்சேதம் ஏற்படுத்தியவருக்கும், இரண்டாம் முறை பிடிபட்டவருக்கும் இது கூடாது. லோடு ஏற்றக்கூட நான் கேட்க மாட்டேன், அது என் பிழைப்பு, அந்த நட்டம் நான் படவேண்டியதுதான். மருத்துவமனைச் சீட்டைப் பார்த்து, செவ்வாயும் வெள்ளியும் காலை 6 முதல் மதியம் 2 வரை, ஊருக்கும் தருமபுரிக்கும் இடையே மட்டும் என்று ஒரு நீதிபதி எழுதிக் கொடுத்திருந்தால், அந்த வழியை விட்டு ஒரு தெரு கூட விலகியிருக்க மாட்டேன். என் தவறில் எந்தப் பங்கும் இல்லாத அப்பாவும் பேருந்தில் நின்றிருக்க வேண்டியதில்லை.

உரிமம் திரும்பி வந்தது ஒரு திங்கட்கிழமை. மறுநாள் காலை ஆம்னியில் ஏறி உட்கார்ந்த அப்பா, கதவைச் சாத்தாமல், "போனை எங்கப்பா வெச்ச?" என்று கேட்டார். அணைத்து, பின்சீட்டில் அவருடைய மருந்துப் பையின் அடியில் போட்டிருந்ததை எடுத்துக் காட்டினேன்.