காது மடலில் சிவப்பு

காலை ஏழு மணி. செய்யாறிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்து. பக்கத்து இருக்கைக்காரரின் காது மடலில் சிவப்புச் சாயம்.

ராத்திரி முழுக்கத் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷமாம். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தும் அரிதாரம் அந்த மடிப்பில் மட்டும் தங்கிவிட்டது.

மடியில் துணிமூட்டை. உள்ளே கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும், கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை. கயிறு இறுக்கிய தடம் கையில் அப்படியே இருந்தது.

"வீட்டுக்குப் போய்த் தூங்குவீங்களாண்ணே?"

"ஒன்பது மணிக்குக் கட்டட வேலை தம்பி. கூத்து வருஷம் பூரா இருக்காதே. மேஸ்திரியைப் பகைச்சுக்க முடியுமா?"

கூத்தைப் பகுதிநேரத் தொழில் என்கிறார்கள். எனக்கென்னவோ இவருக்குக் கட்டட வேலைதான் பகுதிநேரம் என்று தோன்றியது.

அப்புறம் ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. இன்றிரவுப் பாட்டு.