வரைபடம் இல்லாத இம்பெல்லருக்கு மாற்று செய்த அனுபவம்

மலேசியாவில் பந்திங் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றில், பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்பின் முதல் கட்ட இம்பெல்லர் (சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்) அரித்துப்போயிருந்தது. பம்ப் செய்த கம்பெனி இப்போது இல்லை. வரைபடமும் கிடைக்கவில்லை. எங்கள் பட்டறையில் அதைப் புதிதாகச் செய்த விதத்தை எழுதுகிறேன். பழைய இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் யாருக்காவது உதவும்.

"அண்ணே, ஸ்டேண்ட்பை பம்ப்புல உள்ளத கழட்டி மாட்டிடலாமா?" என்றுதான் ஆலையில் முதலில் கேட்டார்கள். அமெரிக்கக் கடற்படையும் இதைச் செய்திருக்கிறது. ஜெரால்ட் ஃபோர்டு என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலின் ஆயுத லிஃப்டுகளுக்குப் பாகம் போதாமல், கட்டுமானத்தில் இருந்த ஜான் எஃப். கென்னடி கப்பலிலிருந்து கழற்றினார்கள். ஓய்வு பெற்ற கப்பலிலிருந்து எடுத்தால் அது வேறு. 2024 நவம்பரில் போர்ட் கிள்ளானுக்கு வந்த ஆபிரகாம் லிங்கன் கப்பலின் நங்கூரம் ஒன்று, 1961இல் பணிக்கு வந்த எண்டர்பிரைஸ் கப்பலுடையது. ஆனால் இங்கே ஸ்டேண்ட்பையைக் கழற்றினால், ஓடுகிற பம்ப் படுக்கும்போது பாய்லரும் நிற்கும், வெட்டி வந்த செம்பனைக் குலைகளை நீராவியில் அவிக்க முடியாமல் அமிலம் ஏறும். வேண்டாம் என்றேன்.

என் மனதில் இருந்தது பிரான்சின் விமானந்தாங்கிக் கப்பல் சார்ல் டி கோல். 2000 நவம்பரில் சோதனை ஓட்டத்தின்போது அதன் புரொப்பெல்லர் இதழ் ஒன்று உடைந்தது. ஸ்பேர் கையிருப்பில் இருந்தும் பயனில்லை, அதிலும் அதே வார்ப்புக் குறை. செய்த கம்பெனியோ மூடியாகிவிட்டது, ஆவணங்களும் தீயில் போய்விட்டன. கிளெமான்சோ, ஃபோஷ் என்ற பழைய கப்பல்களின் புரொப்பெல்லர்களை மாட்டி, மணிக்குச் சுமார் 24 கடல் மைல் என்ற குறைந்த வேகத்தோடு சமாளித்தார்கள். புதியவை வந்தது 2007இல் தொடங்கிய பெரிய பராமரிப்பில்தான். ஸ்பேரை அலமாரியில் வைத்திருப்பது மட்டும் போதாது, அது எப்படிச் செய்யப்பட்டது என்ற பதிவும் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு இதுவே காரணம்.

சரி, வேலைக்கு வருவோம். அரித்த விளிம்பில் எடுக்கும் அளவை நம்ப முடியாது. தேயாத பின்தட்டில் விட்டத்தையும், பம்ப் கூட்டின் வளையத்தில் இடைவெளியையும் அளந்து, இதழ்களின் வளைவுக்கு அச்சு எடுத்தோம். உலோகம் என்னவென்று கையடக்க எக்ஸ்ரே கருவியால் பார்த்தபோது குரோமியம் 13 சதவீதம் அளவுக்குக் காட்டியது. அந்தக் கருவிக்குக் கார்பன் தெரியாது. அதனால் ஒரு துண்டை வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். இந்தச் செலவுக்கு ஆலை ஸ்டோரில் முகம் சுளித்தார்கள். விட்டுக்கொடுக்கவில்லை.

வார்ப்பு ஆறும்போது சுருங்கும், அதற்கு ஏற்ப மர அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். வந்த வார்ப்பில் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்த்தோம். ஒன்றில் மெல்லிய விரிசல் கோடு. அதைத் திருப்பி அனுப்பினோம். அப்புறம் கடைசல், பேலன்சிங்.

இதற்கிடையே பழையது ஏன் அரித்தது என்றும் தேடினோம். உறிஞ்சு குழாயின் வடிகட்டி பாதி அடைத்திருந்தது. அழுத்தம் குறைந்து, தண்ணீரில் குமிழி உண்டாகி, அது உடையும்போதுதான் உலோகத்தைக் கொத்தியிருக்கிறது. இதைச் சரி செய்யாமல் எவ்வளவு நல்ல இம்பெல்லரை மாட்டினாலும் அதே கதிதான்.

அமெரிக்காவின் நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பலிலும் அணு உலையின் வெப்பம் நீராவியாகித்தான் டர்பைனைச் சுற்றுகிறது. அங்கும் தண்ணீரைத் திருப்பி ஏற்றும் பம்ப் உண்டு. சுமார் 50 ஆண்டு ஓடுவதற்கென்று கட்டிய கப்பலில், பாகம் செய்த எத்தனை பட்டறைகள் அதுவரை இருக்கும்?

பம்ப் இப்போது அதிர்வில்லாமல் ஓடுகிறது. கூடவே வார்த்த இன்னொரு இம்பெல்லர், வார்ப்பு எண் பொறித்து, வரைபடமும் ஆய்வக அறிக்கையும் சேர்த்து ஸ்டோரில் இருக்கிறது. ஒரு நகல் எங்களிடம். அடுத்த பராமரிப்பு நிறுத்தத்தில் ஸ்டேண்ட்பை பம்ப்பைத் திறந்து, அதன் அளவுகளையும் எடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.